உருளைக்கிழங்கு சிப்ஸ் அலகு வைத்த வாத்து

ஆஸ்திரேலியாவில் 1970களிலோ 80களிலோ பிறந்த யாரிடமாவது, "உங்கள் பிறந்தநாளுக்கு வீட்டில் எந்த கேக் செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்தில் உள்ள கேக் என்று விளக்க வேண்டியதே இல்லை. ரயில், நீச்சல் குளம், வாத்து, கோட்டை என்று பதில் வந்து விழும். கேட்டது ரயில், கிடைத்தது வெறும் 7 என்ற எண் என்று பழைய மனத்தாங்கலைச் சொல்கிறவர்களும் உண்டு. பிறந்தநாளுக்கு மாதக்கணக்கில் இருக்கும்போதே புத்தகத்தைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போட்ட தலைமுறை அது.

புத்தகத்தின் பெயர் 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி சில்ட்ரன்ஸ் பர்த்டே கேக் புக்'. சிட்னியிலிருந்து 1980இல் வெளிவந்தது. 'விமன்ஸ் வீக்லி' 1933இல் தொடங்கிய பெண்கள் பத்திரிகை. நம்மூர் வீடுகளில் 'மங்கையர் மலர்', 'அவள் விகடன்' போன்றவற்றுக்கு உள்ள இடம் அங்கே அதற்கு. 1982இல் அது மாதப் பத்திரிகையாகிவிட்டது, ஆனால் பெயரில் உள்ள 'வீக்லி' அப்படியே நிற்கிறது. மாற்றினால் என்ன சங்கடம் வரும் என்பதை ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பத்திரிகையின் சமையலறையில் பிறந்த இந்த கேக் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வெளிவந்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகையே 1.5 கோடிக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் பார்த்தால், குழந்தைகள் இருந்த வீடுகளில் அது கிட்டத்தட்ட அகராதி மாதிரி.

அட்டையில் ஒரு ரயில் ஓடும். இன்ஜின், பின்னால் பெட்டிகள், பெட்டி நிறையப் பாப்கார்னும் மிட்டாயும். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள். எண்கள், ராக்கெட், பியானோ, தையல் இயந்திரம், கோட்டை, மிட்டாய்க்கடை. நீச்சல் குளம் என்பது வட்டக் கேக்கின் நடுவைக் குழித்து நீல ஜெல்லியால் நிரப்பி, சுற்றிலும் சாக்லேட் பூசிய நீள பிஸ்கட்டுகளை வேலி மாதிரி நட்டு, தண்ணீரில் சின்னப் பிளாஸ்டிக் பொம்மைகளை மிதக்கவிட்டது. வாத்து மஞ்சள் கிரீம் பூசியது. தலையில் கொண்டைக்குப் பாப்கார்ன், அலகுக்கு இரண்டு உருளைக்கிழங்கு சிப்ஸ். இனிப்பில் உப்புச் சிப்ஸை ஒட்டுவது எந்தப் பாட்டிக்கும் அபசாரமாகப் படும். ஆனால் வாத்தின் அலகு லேசாகத் திறந்து வளைந்திருக்கும் அந்தப் பாங்கை வேறெந்தத் தின்பண்டத்தாலும் கொண்டுவர முடியாது என்பதைச் செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லாமே பக்கத்துக் கடையில் கிடைக்கும் சரக்கு. தண்டவாளம், கண்புருவம், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் லிகரிஸ், அதாவது அதிமதுரச் சாறு சேர்த்த கறுப்பு மிட்டாய். ஏணிக்கும் தூணுக்கும் மஸ்க் ஸ்டிக் என்கிற, கஸ்தூரி வாசனை போட்ட இளஞ்சிவப்பு மிட்டாய்க்குச்சி. புல்தரைக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய உலர் தேங்காய்த் துருவல். மேலே பூசுவதற்கு வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்த கிரீம். அதற்கு ஆஸ்திரேலியர்கள் வைத்த பெயர் 'வியன்னா கிரீம்'. கேக்கைத் தாங்கும் பலகைக்கு அலுமினியத் தாள் சுற்றினால் போதும். தனியாகப் பயிற்சி பெற்ற கைகளுக்கு இந்தப் புத்தகத்தில் வேலை இல்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. 'அம்மா கையால் செய்த கேக்' என்று உருகுகிறவர்கள் பலர் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ரயிலுக்கும் வாத்துக்கும் உள்ளே இருந்தது பொட்டல கேக். கடையில் வாங்கிய பட்டர் கேக் மிக்ஸைப் பிரித்துக் கொட்டி, முட்டையும் பாலும் சேர்த்து அடித்து வேகவைக்கும்படிதான் புத்தகமே சொன்னது. ஊர் ஊராக மாவும் கையும் அடுப்பும் மாறினாலும், பொட்டலத்தில் அளவும் பதமும் மாறாது. வெட்டி ஒட்டி வடிவம் செய்கிற வேலைக்கு அந்த ஒரே சீரான பதம் அவசியம்.

அப்படியானால் 'வீட்டில் செய்தது' என்பதில் வீடு எவ்வளவு, ஆலை எவ்வளவு? அதற்கு விடை தேடினால் கதை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போகிறது. போகப் போக ஒன்று புலப்படும். வீட்டில் செய்த பிறந்தநாள் கேக் என்பது பாட்டிமார் வழிவழியாகக் கொடுத்த பழஞ்செல்வம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ரசாயனப் பொடியும் வாயு அடுப்பும் பொட்டலமும் வந்த பிறகுதான் சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது.

பிறந்தநாள் கேக்கில் வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி வைத்ததைச் சொல்லும் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஜெர்மனியைச் சேர்ந்தது. ஆண்டு 1746. மொரேவியக் கிறிஸ்தவ சபையின் தலைவரான ஸின்ஸென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாள். கிடைத்த ஓவன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கேக் சுடப்பட்டதாகவும், அதில் வயதுக்கு ஏற்பத் துளைகள் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி செருகி, நடுவில் ஒன்று வைத்ததாகவும் நேரில் பார்த்த ஒருவர் எழுதிவைத்தார். அவர் பாராட்டி எழுதவில்லை. சபையின் ஆடம்பரத்தைக் குறை சொல்லத்தான் கேக்கை விவரித்தார்! (அந்தப் பிரபுவின் சபைக்கு நம் கரையோடும் ஒரு தொடர்பு உண்டு. அவர் இறந்த 1760ஆம் ஆண்டிலேயே மொரேவிய சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். கேக் கொண்டுவந்ததாகத் தகவல் இல்லை.)

அந்தக் கேக்குக்கு உரியவர் 46 வயதுப் பிரபு, குழந்தை அல்ல. அதைச் செய்ய ஒரு பெரிய வீட்டின் சமையலறையும் ஆட்களும் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, 1747இல், லண்டனில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகம் வெளிவந்தது. அதில் உள்ள பவுண்டு கேக்குக்கு ஒரு பவுண்டு வெண்ணெய், பன்னிரண்டு மஞ்சள் கரு, ஆறு வெள்ளைக் கரு, ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை. எல்லாவற்றையும் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். மிக்ஸி இல்லாத காலத்தில் இட்லி மாவு ஆட்டிய கைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவென்று தெரியும். கேக்கை உப்பவைக்க அன்று இருந்தவை முட்டைக்குள் அடித்து ஏற்றிய காற்றும், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும்தான். ஈஸ்ட் போட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாசனையும் ரொட்டி வாசனைதான். ஏழு வயதுப் பிள்ளைக்காக, வேலைக்காரர் இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக இதைச் செய்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை ஒழித்தவர் பர்மிங்காம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரை 1837இல் உண்டாக்கினார். ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப 1843இல் பேக்கிங் பவுடரை உண்டாக்கினார். ஆப்பச்சோடா தெரிந்த வீட்டுக்கு இந்த வித்தை விளங்கிவிடும். சோடாவுடன் புளிப்புப் பொருள் சேர்ந்தால் வாயு கிளம்பும். வாயு மாவைத் தூக்கும். பேர்டின் சாமர்த்தியம் சோடாவையும் டார்டாரிக் அமிலத்தையும் ஒரே டப்பாவில் போட்டு, ஈரம் பட்டு முன்கூட்டியே பொங்கிவிடாமல் நடுவில் மாச்சத்தையும் கலந்ததில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1845இல், பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ் அந்தப் பொடியை மாவிலேயே கலந்து 'தானாக உப்பும் மாவு' என்று காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856இல் பாஸ்பேட்டை வைத்து வேறொரு வழி கண்டார். இன்றைக்கும் ஆஸ்திரேலியச் சமையல் குறிப்புகளில் தானாக உப்பும் மாவை அடிக்கடி பார்க்கலாம்.

மாவு தயார். அடுப்பு?

விறகோ கரியோ போட்ட ஓவனின் சூட்டை அறிய, உள்ளே கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள்; அல்லது ஒரு காகிதத் துண்டை வைத்து அது எவ்வளவு சீக்கிரம் பழுப்பாகிறது என்று கவனிப்பார்கள். இதெல்லாம் அனுபவசாலிகளின் வேலை. ஓவனின் சூட்டைத் திருகில் எண் வைத்துக் கட்டுப்படுத்தும் 'ரெகுலோ' என்ற கருவி 1923இல் பிரிட்டிஷ் வாயு அடுப்புகளில் வந்த பிறகுதான் புதுக்கை பழகுகிறவளுக்கும் கேக் கைகூடியது. ஆஸ்திரேலியாவில் மெட்டர்ஸ் நிறுவனத்தின் 'ஏர்லி குக்கா' என்ற வாயு அடுப்பு வீட்டுக்கு வீடு இருந்தது. அதன் எனாமல் கதவில் குக்கபுரா பறவையின் படம் வரைந்திருக்கும். இன்று அந்தக் கதவைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

நம் வீடுகளில் இந்தக் கட்டம் வேறு மாதிரி கடந்தது. சமையலறையில் ஓவன் என்ற பொருளே இல்லாதபோது, பிரஷர் குக்கரில் மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, கேக் பாத்திரத்தை மணல்மேல் இறக்கிச் சிறு தீயில் வைத்தார்கள். அமுக்கி ஆவியில் வேகவைக்கச் செய்த பாத்திரத்தை, ஆவியே இல்லாத உலர் சூட்டுக்குத் திருப்பிய தந்திரம் அது. ஓவன் என்ற ஒன்றை வாங்காமல் கேக் செய்ததில் தமிழ் வீடுகளுக்குத் தனிக் கெட்டிக்காரத்தனம் உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புவோம். அங்கே பேக்கிங் என்பது பெண்களின் மானப் பிரச்சினையாகவே இருந்தது. 1922இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சங்கமும், வேளாண் கண்காட்சிகளும் ஸ்பாஞ்ச் கேக்குக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தன. மேலே ஆறவைக்கும் தட்டின் கம்பித் தடம் விழுந்திருந்தால்கூட மதிப்பெண் போய்விடும். தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் என்ற சதுரக் கேக் அந்த ஊர்ச் சின்னம் மாதிரி. 1896 முதல் 1901 வரை குவீன்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு. அவரே பிறகு பம்பாய் ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். அந்தத் துருவலுக்கும் ஒரு பின்கதை உண்டு. தேங்காயைத் துருவி உலர்த்திக் கெடாமல் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் ஆலைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் எழுந்தன. தேங்காயே காய்க்காத ஊர்களின் கேக்குகளில் தேங்காய் ஏறியது அதனால்தான். பின்னாளில் பச்சைச் சாயம் குடித்துக் கால்பந்து மைதானமாக மாறியதும் அதே துருவல்தான்.

போர் வந்தபோது கேக்கும் ரேஷனுக்குள் போனது. ஆஸ்திரேலியாவில் சர்க்கரை 1942 ஆகஸ்டு முதல் 1947 ஜூலை வரை, வெண்ணெய் 1943 ஜூன் முதல் 1950 ஜூன் வரை கூப்பனுக்குத்தான். பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். 1940இலேயே கேக்குக்கு மேல் ஐசிங் பூசி விற்பதைத் தடை செய்தார்கள். சர்க்கரை ரேஷன் 1953வரை நீடித்தது. ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்காகக் குடும்பம் முழுவதும் வாரக்கணக்கில் தேநீரில் சர்க்கரையைக் குறைத்துச் சேர்க்க வேண்டிய காலம். அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் பின்னால் பெற்றோராகி, தங்கள் குழந்தைகளின் கேக்மேல் மிட்டாயை வாரி இறைத்தவர்கள். 1980இன் அந்த வண்ண வெள்ளத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொட்டலத்தின் கதை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்குகிறது. பி. டஃப் அண்ட் சன்ஸ் என்பது கரும்புப் பாகு விற்ற நிறுவனம். பாகு மிஞ்சிப்போனதால் அதை மாவோடு சேர்த்து உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீர் ஊற்றினால் இஞ்சிக் கேக் ஆகிற மாதிரி செய்ய முயன்றார்கள். 1930களின் தொடக்கத்தில் காப்புரிமையும் பெற்றார்கள். 1947இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 'பெட்டி கிராக்கர்' பெயரில் கேக் மிக்ஸை இறக்கியது. பெட்டி கிராக்கர் என்று ஒரு பெண் இருந்ததே இல்லை. வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று 1921இல் அதன் முன்னோடிக் கம்பெனி உண்டாக்கிய பெயர் அது.

இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. தண்ணீர் மட்டும் ஊற்றும் மிக்ஸைப் பெண்கள் வாங்கவில்லை; அது ஏமாற்று வேலை மாதிரிக் குற்ற உணர்வைத் தந்தது. வியன்னாவில் பிறந்த உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், "முட்டையை அவர்களே சேர்க்கட்டும்" என்ற ரீதியில் ஆலோசனை சொன்னார். பொடியிலிருந்து முட்டையை எடுத்ததும் விற்பனை பறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய முட்டையை வீட்டில் சேர்ப்பதே நல்லது என்று டஃப் நிறுவனம் 1930களிலேயே சொல்லிவிட்டது. புது முட்டையில் கேக்கின் சுவையும் பதமும் மேலாக இருக்கும் என்ற சாதாரணக் காரணமே போதும். அமெரிக்க உணவு வரலாற்றாளர் லாரா ஷாப்பிரோ காட்டும் திசை இன்னும் நம்பத்தக்கது. கம்பெனிகள் ஒரு கட்டத்தில் கேக்கை விட்டுவிட்டு, கேக்குக்கு மேலே செய்யும் அலங்காரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கின. உள்ளே இருப்பது எங்கள் பொறுப்பு, உங்கள் கலையை மேலே காட்டுங்கள் என்பதே விளம்பரத்தின் சாரம். உப்பவைக்கும் வேலையை ஆலை எடுத்துக்கொண்டதும், வீட்டுக்குக் கிடைத்த பங்கு உருவம்.

1980இன் புத்தகம் அந்தப் பங்கை எல்லைவரை கொண்டுபோனது. 'விமன்ஸ் வீக்லி'யின் உணவுப் பகுதி ஆசிரியர் எலன் சின்க்ளேர். அவரிடம் வேலை பழகி, பின்னால் அந்தச் சமையலறைக்கே தலைமை ஏற்ற பமீலா கிளார்க். இன்னும் சில பெண்கள். பத்திரிகையின் குறிப்புகளை மூன்று முறை செய்து பார்த்த பிறகே அச்சேற்றுவது அந்தச் சமையலறையின் பெருமை. கேக்கைச் சிற்பம் என்று நினைக்காமல், துணி வெட்டும் தையல்காரி மாதிரி அவர்கள் நினைத்ததுதான் விசேஷம். செவ்வகத் தகரத்தில் ஒரு கேக், வட்டத் தகரத்தில் ஒரு கேக். அதன்மேல் காகித வார்ப்பை வைத்து வெட்டு. வெட்டிய துண்டை இங்கே ஒட்டு. மிச்சத்தை அங்கே வை. 3 என்ற எண்ணுக்குக்கூட வளையத் தகரம் இருந்தால் போதும். உருவத்தைப் பிரித்து எளிய வடிவங்களாக்கிப் பார்க்கிற கண் அது.

செய்முறை சுருக்கமாகத்தான் இருக்கும், படமோ பளபளவென்று. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரவு இருந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு தொடங்கும் வேலை. ஆறாத கேக்கை வெட்டினால் உதிர்ந்து கொட்டும். சற்று உறையவைத்து வெட்டினால் ஓரம் நேராக வரும் என்பதைப் பலர் இரண்டாவது பிள்ளைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். வெட்டிய முகத்தில் கிரீமைப் பூசினால் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு முதலில் மெல்லிய பூச்சு, பிறகு கனத்த பூச்சு. நீச்சல் குளத்துக்கு ஜெல்லியைச் சூடாக ஊற்றிவிட்டால் தண்ணீர் முழுவதும் கேக்குக்குள் இறங்கிக் குளம் வற்றிப்போகும். சிவப்புச் சாயம் போதாமல் தீயணைப்பு வண்டி இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். காலையில் எழுந்து வந்த பிள்ளைக்கு இந்தக் கோளாறு எதுவும் கண்ணில் பட்டதில்லை என்று சொன்னால் பொய். பட்டது, நினைவிலும் நின்றது.

விருந்துக்கு வேறென்ன இருந்தது என்று பார்த்தால், கேக்கில் கொட்டிய உழைப்பின் கனம் புரியும். முக்கியப் பலகாரம் 'ஃபேரி பிரெட்'. வெள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவி, கடுகளவு வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவி முக்கோணமாக வெட்டியது. இரண்டு நிமிட வேலை. 1920களிலிருந்து அங்கே பிள்ளைகளின் விருந்தில் இருக்கிறது.

புத்தகத்தின் முகத்தில் அந்தக் காலத்தின் தழும்பும் உண்டு. சிறுமிகளுக்கு அடுப்பும் தையல் இயந்திரமும், சிறுவர்களுக்கு லாரியும் ராக்கெட்டும் என்கிற பிரிவு இன்று பார்ப்பவர்களைப் புருவம் உயர்த்த வைக்கிறது. சிறுமிகள் கேட்டதில் முன்னால் நின்றது 'டாலி வார்டன்'. கவிழ்த்த கிண்ணம் போன்ற கேக்கைப் பாவாடையாக்கி, நடுவில் பொம்மையைச் செருகி நிறுத்துவார்கள். டிக்கன்ஸ் 1841இல் எழுதிய 'பார்னபி ரட்ஜ்' நாவலில் வரும் பெண் டாலி வார்டன். அவள் பெயர் 1870களில் ஒரு பூப்போட்ட உடைப் பாணிக்குப் போய், அங்கிருந்து தகர அச்சுக்கு வந்து சேர்ந்தது. புத்தகத்தை யாருக்காக எழுதினார்கள் என்பதிலும் அன்று சந்தேகமே இல்லை. அப்பா மெழுகுவர்த்தியைக் கொளுத்துவார், படம் பிடிப்பார். இரவு விழித்தது அம்மா. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த பத்தாண்டில், பொட்டலத்தைக் காட்டி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த அதே புத்தகம், அலங்காரம் என்று சொல்லி அந்த நேரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்கை யாரும் அன்று பெரிதாகக் கேட்கவில்லை.

1983க்குப் பிறகு மெல்பர்னிலும் சிட்னியிலும் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குப் பட்டர் கேக் புதிதில்லை. இலங்கையில் அது நெடுநாள் பழக்கம். ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' 1929இலேயே வந்துவிட்டது. மூன்று வண்ண அடுக்கில் செய்யும் ரிப்பன் கேக்கும் அங்கே பிறந்தநாளுக்கு உரியது. மாவையும் வெண்ணெயையும் தாங்களே அளந்து அடித்துப் பழகிய கைகளுக்குப் பொட்டலம்தான் விநோதமாக இருந்திருக்கும்.

இந்த நூற்றாண்டில், கடையில் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை விரிப்பைப் போர்த்திய வழவழப்பான கேக்குகள் பெருகின. வீட்டுக் கேக் ஒழிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. பழைய பதிப்பைத் தேடி மக்கள் அலைந்ததால் 2011இல் அதை அதே பழைய தோற்றத்தில் மறுபடி அச்சிட்டார்கள். ஜாஷ் ஏர்ல் என்ற நகைச்சுவைக் கலைஞர் இந்தப் புத்தகத்தை மட்டுமே வைத்து ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தினார். அவர் பாடினாலும் கிண்டலடித்தாலும், பார்வையாளர்களுக்கு ஒவ்வொரு கேக்கும் அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டில் வாங்கவில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம் என்கிறவர்களுக்கும் தெரிந்தது.

பிரிஸ்பேனில் தயாராகும் 'புளூயி' என்ற கார்ட்டூனில், 2020இல் வந்த ஒரு பகுதியின் பெயரே 'வாத்துக் கேக்'. ஒரு நாய்க் குடும்பம். சின்ன மகள் பிங்கோவின் பிறந்தநாள். அவள் கேட்டது அந்தப் பழைய வாத்து. செய்யப் போராடுகிறவர் அம்மா இல்லை, அப்பா பேண்டிட். நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றத்தை அந்தக் கார்ட்டூன் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. அப்பாவின் கையில் கரண்டியைக் கொடுத்ததோடு சரி. கேக்கோடு அவர் படும் பாடு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு வெறும் வேடிக்கை. உள்ளூர்க்காரர்களோ திரையில் பார்த்தது தங்கள் வீட்டுச் சமையலறை மேசையை.

அந்தப் பகுதிக்குப் பிறகு வாத்து மறுபடியும் நடைபோடத் தொடங்கியது. புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது ஒன்றுதான். சிப்ஸ் பொட்டலத்தை முதல் நாளே வாங்கி, வளைவு ஒத்துப்போகிற இரண்டை உடையாமல் பொறுக்கி ஒரு டப்பாவில் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தை இரவு வேலையின்போது தின்றுகொள்ளலாம். ஆனால் அலகை அப்போதே ஒட்டிவிடாதீர்கள்; கிரீமின் ஈரத்தில் விடிவதற்குள் நமத்துத் தொங்கிவிடும். பிள்ளைகள் வந்து, விளக்கை அணைக்கச் சொல்லி, யாரோ தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது செருகினால் போதும்.